வற்றிய ஏரியில் பேச்சுக்குரல்

பெட்ரோல் ஊற்றும்போதுகூட இன்ஜினை நிறுத்தவில்லை. அதைத்தான் அவன் முதலில் கவனித்தான். தகரக் கொட்டகைக்கு முன்னால் வரிசையாக நின்ற, கரடுமுரடான தரையில் ஓட்டிப் பார்க்கும் பக்கி வண்டிகள் எல்லாமே உறுமிக்கொண்டிருந்தன. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று பார்த்தால் அவனும் அவன் மனைவியும் அவளுடைய தம்பியும்தான். மற்ற வண்டிகளில் ஏற ஆளே இல்லை, ஆனாலும் அவையும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருத்தி டின்னைச் சாய்த்து, அதிர்ந்துகொண்டிருந்த டாங்கின் வாயில் புனலை வைத்து ஊற்றினாள். கொஞ்சம் சிந்தியது. சூடான சைலன்சரில் பட்டு நீலப் புகையாக எழுந்தது. அவள் முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை.

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, என்ன நடந்திருக்கும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லும் சர்வேயர் அவன். இப்படி ஊற்றி, இப்படிச் சிந்தி, வெறும் கூடாக மிஞ்சிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறான். அந்தக் கருகல் வாசனை வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் மூக்கை விட்டுப் போகாது.

"நிறுத்திட்டு ஊத்துங்கம்மா," என்று கத்தினான். "ஒரு பொறி போதும், மொத்தமும் போயிடும்."

அவள் டின்னை நிமிர்த்திவிட்டு அவனைப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். உரமேறிய கைகள், வெயிலில் வெந்த முகம். விமானத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வதுபோல் இரண்டு காதையும் மூடிய தடித்த உறைகள். அவள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள்.

"நிறுத்துறதில்ல," என்றாள். அவ்வளவுதான். அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய வழிகாட்டி அவள்தான்.

"மாமா லீவுலயும் டூட்டி பாக்குறார்க்கா," என்றான் மச்சான், ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டே. "ஆனா வண்டிக்கு எவ்வளவு பொருத்தமா பக்கின்னு பேர் வச்சிருக்காங்க பாரு. நேத்து மாமா சாப்பிடுறதை யாரோ பாத்திருக்காங்க."

மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். தம்பியோடு இருக்கும்போது மட்டும் அவளிடமிருந்து வரும் சிரிப்பு அது. கல்யாணமான புதிதில் அவனுக்கும் அதில் பங்கு இருந்தது. எப்போது நின்றதென்று அவனுக்கே தெரியாது.

முந்தின நாள் மதியம் விடுதியில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் குழாயை மூடினான். சுவர் வழியாகச் சொற்கள் வரவில்லை. குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் வந்தது. அவள் நீளமாக ஏதோ சொல்கிறாள், தம்பி 'ம்' போடுகிறான். அவன் ஈரத் தலையைத் துவட்டாமல் சுவரில் காதை வைத்து நின்றான். 'அவரு' என்று ஒரு முறை காதில் விழுந்தது. கொஞ்சம் கழித்து, 'எத்தனை நாளைக்குத்தான்' என்று விழுந்தது. அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போனபோது இருவரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்லையே," என்றாள் அவள். "ஏன், காத்துல ஏதாவது வந்துச்சா?"

அவள் இந்தப் பயணம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் தம்பியின் ஊரிலேயே தங்கிவிடப்போகிறாள் என்று அவனுக்கு ஒரு சந்தேகம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லாததால் வந்த சந்தேகம் அது.

வழிகாட்டி மூவரையும் அருகே அழைத்தாள். இன்ஜின் சத்தத்துக்கு மேல் அவள் பேசியது பேச்சாக இல்லை, வெட்டிப் போட்ட மாதிரி இருந்தது.

"எனக்குப் பின்னால வரணும். கையை மேல தூக்கினா நிக்கணும். நின்னாலும் இன்ஜின் ஓடணும். சாவியில கை வைக்கக் கூடாது. நான் சொல்லாம யாரும் கீழ இறங்கக் கூடாது. ஹெல்மெட்டைக் கழட்டக் கூடாது."

"கீழ என்ன, பாம்பா?" என்றான் மச்சான்.

அவள் அவன் வாயைப் பார்த்து அதைப் படித்துக்கொண்டாள். "பாம்பா இருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றாள். "சொல்லிட்டேன். சொல்லலைன்னு பின்னாடி யாரும் சொல்ல வேண்டாம்."

அவள் காதுகளைக் காட்டி, அதுபோல் எங்களுக்கும் கொடுங்கள் என்று சைகை செய்தான் அவன். அவள் தலையை ஆட்டினாள். "உங்களுக்கு இருக்கிறது போதும்."

*

வழிகாட்டி முன்னால் போனாள். அவளுக்குப் பின்னால் மச்சான் தனி வண்டியில். கடைசியில் அவனும் மனைவியும். சாய்ந்த வெயில் முகத்தில் நேராக அடித்தது. ஓடும் வண்டிக்கு மேல் கூரை கிடையாது, தலைக்கு மேல் வளைந்த இரும்புக் குழாய்கள்தான். முன்னால் போகிற வண்டி கிளப்பிவிட்ட புழுதி பல்லில் நறநறவென்று கடிபட்டது. காய்ந்த ரெக்சின் இருக்கையின் சூடு கால்சட்டையைத் தாண்டித் தொடையைச் சுட்டது. கருகிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த நெடி தொண்டையில் ஒட்டிக்கொண்டது. ஏரிக்கு இறங்கும் பாதை வீடுகளின் கொல்லைப்புறமாகவே போனது. ஓட்டும் கவனத்திலும் அவனால் அந்த வீடுகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் ஒரு ரேடியோ இருந்தது. எதிலும் பாட்டோ பேச்சோ இல்லை, இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வரும் இரைச்சல் மட்டும் உச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஒரு வீட்டு வாசலில் துணி துவைக்கும் இயந்திரம் மூடி திறந்தபடி, உள்ளே துணி எதுவும் இல்லாமல் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து தகர டப்பாவைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். பைத்தியக்காரர் தட்டுவதுபோல் இல்லை, வேலைக்கு ஆள் வைத்ததுபோல், அலுப்போடு, ஒரே தாளத்தில். அவர் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்று, கரண்டியை வாங்கிக்கொண்டு, இடைவெளி விடாமல் தட்டத் தொடங்கினாள். அவர் எழுந்து கையை உதறிக்கொண்டே உள்ளே போனார்.

"இங்க என்னங்க, யாருக்குமே காது வலிக்காதா?" என்று மனைவி அவன் காதுப்பக்கம் கத்தினாள்.

அவர்கள் யாரும் கையசைக்கவில்லை. வேலி ஓரமாக நின்ற ஒருவன் முகத்தைச் சுளித்துக் காறித் துப்பினான். கடைசி வீட்டைத் தாண்டும்போது எங்கிருந்தோ ஒரு கல் வந்து வண்டியின் குழாயில் ணங்கென்று பட்டுத் தெறித்தது. திரும்பிப் பார்த்தான். கல்லை விட்டெறிந்த கிழவி கையை இறக்காமலே நின்றிருந்தாள். இந்தப் பக்கம் வராதே என்று விரட்டிய மாதிரி இல்லை. போ, சீக்கிரம் போய்த் தொலை என்று தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு பாதை சரிந்து ஏரிக்குள் இறங்கியது.

தண்ணீர் வற்றிப் பல காலம் ஆகியிருக்கவேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை. உப்புப் பூத்த களிமண் வெடித்து, ஓரம் சுருண்டு, லட்சம் தட்டுகளை அடுக்கிக் கவிழ்த்ததுபோல் கிடந்தது. புல் இல்லை, பறவை இல்லை, காற்றுகூட இல்லை. மனிதர்கள் வாழும் இடத்திலிருந்து வருகிறவனுக்கு அந்த வெறுமை ஆளை அடிப்பதுபோல் இருந்தது. சக்கரங்களுக்கு அடியில் தரை முறுமுறுவென்று நொறுங்கியது. மச்சான் இரண்டு கையையும் தூக்கிக் கூவிக்கொண்டே வட்டமடித்தான். வழிகாட்டி ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அடக்கவில்லை.

அப்போதுதான் அவனுக்கு ஒரு தட்டல் கேட்டது. இன்ஜின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். வண்டிச் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுகிற காது அவனுடையது. பேரிங் போனால் ஒரு மாதிரி, பிஸ்டன் தேய்ந்தால் ஒரு மாதிரி. இது எதுவும் இல்லை. இது இன்ஜினிலிருந்தே வரவில்லை. கால் பாதத்தில் தொடங்கி முழங்கால் வழியாக ஏறியது. என்னவென்று தெரிந்துகொள்ள ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தான். இன்ஜின் தணிந்தது.

பேச்சு.

பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல். சொற்கள் பிடிபடவில்லை. ஏற்ற இறக்கம் மட்டும். ஒருவர் நீளமாகச் சொல்கிறார், இன்னொருவர் 'ம்' போடுகிறார், மூன்றாவதாக ஒருவர் மெல்லச் சிரிக்கிறார். கொஞ்சம் குனிந்தால் தெளிவாகிவிடும் போலிருந்தது.

"யாரோ பேசுறாங்க இல்ல?" என்றாள் மனைவி. அவள் முகமும் தரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. "நம்மளப் பத்தி என்னமோ..."

டமார் என்று சத்தம். வழிகாட்டி எப்போது திரும்பி வந்தாளோ, கையில் வைத்திருந்த இரும்புக் கம்பியால் அவர்கள் வண்டியின் முகப்பில் ஓங்கி அடித்தாள்.

"காலை எடுக்காத!" மரியாதையெல்லாம் போய்விட்டது. "அமுக்குய்யா! அமுக்கு!"

அமுக்கினான். இன்ஜின் அலறியது. பேச்சு அமுங்கிப்போனது. அவனைக் கலக்கியது பயம் மட்டும் இல்லை. பாதியில் யாரோ கதவைச் சாத்திவிட்ட ஆத்திரமும் அதில் இருந்தது. மனைவி முகத்திலும் அதே ஆத்திரம்.

*

ஏரியின் நடுவை நெருங்கும்போது ஒரு பக்கி வண்டி இருக்கை வரை களிமண்ணில் புதைந்து கிடந்ததைப் பார்த்தான். வழிகாட்டி வேகத்தைக் கூட்டி அதைத் தாண்டினாள். அவனால் தொழில் பழக்கத்தை விடமுடியவில்லை, கடந்துபோகும் அந்தச் சில நொடிகளில் கண் தானாக வேலை செய்தது. நசுங்கல் இல்லை. உரசல் இல்லை. தீப்பிடித்த அடையாளம் இல்லை. பெல்ட்டுகள் அறுபடவில்லை, கொக்கியைக் கழற்றி மடியிலிருந்து ஒதுக்கிவைத்த மாதிரி இரண்டு பக்கமும் கிடந்தன. அதில் வந்தவர்கள் தூக்கி எறியப்படவில்லை. நிதானமாக இறங்கியிருக்கிறார்கள்.

வண்டிக்குச் சற்றுத் தள்ளித் தரையில் இரண்டு மேடுகள். மண்டியிட்டுத் தலையைத் தரையில் சாய்த்த ஆளின் உயரமும் அகலமும். மேலே ஒரே சீராக வெள்ளைக் களிமண் மூடி, அதுவும் வெடித்துச் சுருண்டிருந்தது.

"பாத்தியா?" என்றான் மனைவியிடம்.

"எதை?"

அவள் பார்க்கவில்லை. அவள் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்தான். விளக்கை அடித்து வழிகாட்டிக்குக் காட்டினான். அவள் பார்த்ததாகத் தெரியவில்லை. மச்சானுக்குக் காட்டலாம் என்று தேடினான். மச்சான் வரிசையை விட்டு விலகி இடப்பக்கமாகக் கொஞ்ச தூரம் போய்விட்டிருந்தான். அங்கே ஒரு வட்டம் அடித்து, நின்று, வண்டியிலிருந்து எழுந்து, போனைத் தூக்கிப் பிடித்து நாலாபக்கமும் படமெடுத்தான். பிறகு முகம் சுளித்தான். வீடியோவில் வெறும் இன்ஜின் சத்தம்தானே பதியும். குனிந்தான்.

"டேய்!" என்று அவன் கத்தினான். "நிறுத்தாத!"

அவனுக்கே அவன் குரல் கேட்கவில்லை. மச்சானின் வண்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த புகை நின்றுபோனது.

மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையில் வைத்தான். தலைமுடியைக் கோதிக்கொண்டு, அந்த வெறுமையைப் பார்த்துச் சிரித்தான். போனைத் தன் முகத்துக்குத் திருப்பி ஏதோ சொல்லத் தொடங்கினான். பாதியில் நிறுத்தினான். தலையை ஒரு பக்கம் சாய்த்தான். கதவுக்கு வெளியே நிற்கிறவன் சாய்ப்பதுபோல்.

போன் கையிலிருந்து விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

மெதுவாக இறங்கினான். ஒரு முழங்காலை ஊன்றினான். அடுத்த முழங்கால். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பரப்பி, கன்னத்தை மண்ணோடு ஒட்டி, காதை வைத்தான்.

"என்னங்க, அவன் விழுந்துட்டான்! அங்க போங்க!"

போனான். பக்கத்தில் போகப்போக மச்சானின் முகம் தெளிவாகத் தெரிந்தது. வலி இல்லை. பயமும் இல்லை. யாரோ ரகசியம் சொல்லக் கேட்கிறவனின் முகம். புருவம் உயர்ந்தது. உதட்டோரம் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு மறைந்தது. கன்னத்தை எடுக்காமலே கண்ணை மட்டும் சுழற்றி அவனைப் பார்த்தான். ஏதோ ஒன்று தெரிந்துவிட்ட பார்வை. அருவருப்பு நிறைந்த பார்வை. இத்தனை வருஷப் பரிகாசத்திலும் மச்சான் அவனை இப்படிப் பார்த்ததில்லை.

பிறகு அக்காவைப் பார்த்தான். கையை நீட்டி, வா, வா, சீக்கிரம் வந்து கேளு என்று அழைத்தான்.

அவள் பெல்ட்டைக் கழற்றினாள்.

"இறங்காத!" அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "சொன்னாக் கேளு. அது நல்லதில்ல."

"கையை விடுங்க."

"அங்க ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல!"

"ஒண்ணுமில்லன்னா உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம்?" அவள் கண்கள் அவன் முகத்தைக் குடைந்தன. "நான் எதைக் கேட்டுடுவேன்னு பயப்படுறீங்க?"

பிடி தளர்ந்தது. அவள் உதறிக்கொண்டு இறங்கினாள். வெள்ளைத் தரை அவள் செருப்புக்கடியில் நொறுங்கியது. தம்பிக்கு எதிரே, அவன் முகத்துக்கு முகம் பார்த்து, மண்டியிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றித் தள்ளிவைத்தாள். கூந்தலை ஒதுக்கிக்கொண்டு காதை மண்ணில் வைத்தாள்.

வழிகாட்டியின் வண்டி அவன் பக்கத்தில் வந்து நின்றது. அவள் அந்த இருவரையும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டும் விதமாகவே வண்டியை நிறுத்தியிருந்தாள்.

"திருப்பு," என்றாள்.

"என் மனைவி அங்க இருக்கா!"

"இருக்கட்டும். நீயாவது திருப்பு."

"அங்க என்ன இருக்கு? கீழ யாரு?"

"தெரியாது. நான் கேட்டதில்ல." காதுறையை விரலால் தட்டிக் காட்டினாள். "கேட்டவங்க யாரும் வந்து சொன்னதில்ல."

"தெரிஞ்சும் எதுக்கு எங்களை இங்க கூட்டிட்டு வந்தே?"

முதல் முறையாக அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். அதில் இரக்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தான். தூக்கம்தான் இருந்தது. பல மாதமாகத் தூங்காத தூக்கம்.

"இன்னைக்கு எங்க ஊர் ரேடியோவை அணைச்சிட்டுப் படுக்கும்," என்றாள்.

கியரைப் போட்டாள். அவள் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கரையை நோக்கிப் போனது. திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் தேய்ந்து, தேய்ந்து, அவன் இன்ஜின் மட்டும் மிஞ்சியது.

*

வெயில் மஞ்சளாகி, அந்த வெள்ளைப் பரப்பின் வெடிப்புகளுக்குள் எல்லாம் நிழல் இறங்கியிருந்தது. அவன் வண்டியை அவர்கள் இருவருக்கும் பக்கத்திலேயே, சக்கரம் மனைவியின் புடவைத் தலைப்பில் ஏறிவிடும் அளவுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினான். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஆக்ஸிலேட்டர் மிதியைத் தன் தண்ணீர் பாட்டிலைச் செருகி அமுக்கிவைத்தான். இன்ஜின் தொண்டை கிழியக் கத்தியது. கத்தட்டும். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு இறங்கினான்.

பாதத்தில் ஏறியது. முழங்காலில் ஏறியது. சொல் இல்லை. ஏற்ற இறக்கம்.

கேட்காதே. இன்ஜினைக் கேள். வால்வு கொஞ்சம் தட்டுகிறது. பெல்ட் தளர்ந்திருக்கிறது. அதைக் கேள்.

அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் வரவில்லை. கக்கத்தில் கை கொடுத்து, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தான். கன்னம் மண்ணைவிட்டுப் பிய்ந்து வந்தது. ஈர மாவிலிருந்து கையை எடுப்பதுபோல் ஒரு இழுவை. அவ்வளவு காய்ந்த தரை அவள் கன்னம் பட்ட இடத்தில் மட்டும் ஈரமாக, மிருதுவாக, குழிந்து இருந்தது.

"வா. எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்."

அவள் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. பரிதாபம். ஒருவருக்குப் பெரிய வியாதி இருக்கிறதென்று டாக்டர் தனக்கு மட்டும் சொல்லியிருக்கும்போது பார்க்கிற பார்வை.

அவள் உதடுகள் அசைந்தன.

கேட்கவில்லை. இன்ஜின்.

"என்ன?"

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். மச்சானின் உதடுகளும் அசைந்தன. 'ம்' என்பதுபோல். இருவரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள். மறுபடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுடைய உதடுகள் நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டே போயின.

"என்னன்னு என்கிட்ட சொல்லு! என்னைப் பத்தித்தானே?"

அவளை அலாக்காகத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடலாம். அவள் கனமானவள் இல்லை. கரை தெரிகிறது. மச்சானுக்கு அப்புறம் ஆள் கூட்டிக்கொண்டு வரலாம். அதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெளிவாகத் தெரியும். செத்துப்போனவர்களின் வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, இந்த இடத்தில் இவன் இதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்லியே பிழைப்பு நடத்துகிறவன் அவன்.

அவள் உதடுகள் நிற்கவில்லை.

'அவரு' என்று அசைந்ததோ?

இன்னொரு முறை. 'அவரு.'

ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைக் கேட்டுவிட்டு உடனே மறுபடி ஓட்டிவிடலாம். ஒரு நொடி.

அவளை விட்டான். வண்டிக்குள் குனிந்தான். பாட்டிலைப் பிடுங்கி எறிந்தான். இன்ஜின் தணிந்தது. ஹெல்மெட்டின் கொக்கியைக் கழற்றினான். சாவியைத் திருப்பினான்.

அமைதி.

இவ்வளவு பெரிய அமைதியை அவன் கேட்டதே இல்லை. காதுக்குள் இருந்த காற்றையெல்லாம் யாரோ உறிஞ்சி எடுத்ததுபோல் இருந்தது. கரைப்பக்கம், வெகுதூரத்தில், அந்தத் தகர டப்பாச் சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஊர் முழுக்க நின்றது.

திரும்பினான்.

அவள் மண்டியிட்டபடி நிமிர்ந்து உட்கார்ந்து அவனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். உதடுகள் விரிந்தன, குவிந்தன, விரிந்தன. ஒரு சத்தமும் வரவில்லை. அவற்றுக்கு நடுவில் பல் தெரியவில்லை, நாக்கு தெரியவில்லை. வாய் நிறைய, உதட்டு விளிம்பு வரை, வெள்ளைக் களிமண். அது காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த மண்ணைச் சுற்றித்தான் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

அவளுடைய குரல் அவன் செருப்புக்கடியிலிருந்து வந்தது. அவளுடைய குரலேதான். உதட்டசைவுக்கு ஒரு மயிரிழை பிசகாமல்.

"வந்துட்டாரு," என்றது. "மெதுவாப் பேசுங்க."

கீழே எத்தனையோ குரல்கள் சட்டென்று தணிந்தன. தணிந்து, கிசுகிசுப்பாகி, தொடர்ந்தன. நின்றபடி கேட்க முடியாத அளவுக்கு மெதுவாக.

அவன் முழங்கால்கள் மடங்கின.

அவளும் மச்சானும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள். அவள் ஒரு கையால் அந்த இடத்திலிருந்த ஓடுபோன்ற மண் சில்லுகளைத் தள்ளி, அவனுக்காக உள்ளங்கையால் தடவி, மெத்தென்று ஆக்கினாள்.